இடுப்பில் ஒரு டப்

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் முதல் வேலையாக, பல் துலக்குவதற்கு முன்பே, ஒற்றைக் காலில் நின்றேன். கண்ணைத் திறந்துகொண்டு பதினொன்று எண்ணும்வரை. மூடிக்கொண்டு நான்கு. ஐந்து என்று வாயெடுத்தபோது பீரோவின் கைப்பிடி கையில் இருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

பிசியோதெரபி பெண் தினமும் இதை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். "நம்பர் மட்டும் போதும் மேடம்" என்றாள். எனக்கு நம்பர் மட்டும் எழுத வராது. அதனால் இந்த நோட்டு.

அக்டோபரில் இடது காதுக்குள் அழற்சி வந்தது. மூன்று நாள் வீடு சுற்றியது, கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு சுற்றல் நின்றது. இடது காது கேட்பது நின்றுபோனது. நடை மட்டும் பழையபடி வரவில்லை. மூளை புதிதாகக் கற்றுக்கொள்ளும், ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம் என்றார் டாக்டர். கல்லூரிக்குப் போகிறேன். உட்கார்ந்தபடியே விலங்கியல் நடத்துகிறேன். கரும்பலகைப் பக்கம் சட்டென்று திரும்புவதில்லை.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் இவர் ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். இவர் என்றால் என் கணவர் நாச்சிமுத்து. இந்த மலையூரில் மின்வாரிய உதவிப் பொறியாளர். அது கோவைக்கு இடமாறுதல் கேட்கும் படிவம். காரணம் என்ற இடத்தில் அவருடைய சதுரமான கையெழுத்தில் 'மனைவியின் உடல்நிலை' என்று இருந்தது. கீழே என் சம்மதத்துக்கு ஒரு வெற்றுக் கோடு.

"மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள குடுத்துட்டா ஜூன்ல ஆர்டர் வந்துரும் மதி. சமதரை. லிஃப்ட் இருக்கற வீடா பாக்கலாம். அக்காவும் பக்கத்துலயே."

"என் வேலைங்க?"

"கோயமுத்தூர்ல இல்லாத காலேஜா?"

நாற்பத்தேழு வயதில், ஒரு காது கேட்காத, கரும்பலகைப் பக்கம் திரும்பாத ஒருத்தியை எந்தக் கல்லூரி எடுக்கும் என்று கேட்கவில்லை. "பாக்கலாங்க" என்றேன். படிவத்தை உப்பு ஜாடிக்கு அடியில் செருகிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 10, திங்கள்

கண் மூடி நான்கு.

பிப்ரவரி 12, புதன்

படுக்கையறையிலிருந்து சமையலறை வரை, சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. இன்றுதான் கவனித்தேன். என் கை போய் வந்த தடம். ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் பரவுகிறது.

பிப்ரவரி 15, சனி

ஊருக்கு வெளியே உள்ள கல்மந்து ஓடையைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

ஓடைப் பூச்சிகளைப் பற்றித்தான் என் எம்.பில். அந்தப் பூச்சிகளைத் தின்னும் ட்ரவுட் மீனைப் பார்க்கப்போய், அதைப் பிடிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. புழு வைத்துப் பிடிப்பதில்லை. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து, கனமான ஒரு கயிற்றை முன்னும் பின்னும் வீசி, அந்தப் பூச்சியைத் தண்ணீர்மேல் உட்கார வைக்க வேண்டும். ஃபிளை ஃபிஷிங் என்கிறார்கள். வீசிய பிறகு இடது கையால் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். இழுத்த கயிறு காலடியில், ஓடுகிற தண்ணீரில் விழுந்து மிதக்கும். மறுபடி வீச அதுதான் வேண்டும்.

பெர்மிட் எடுத்து எட்டு வருடமாகப் போகிறேன். இவர் கூட வந்து கரையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். ஒருநாளும் தண்ணீரில் கால் வைத்ததில்லை. "எட்டு வருசத்துல முப்பத்தாறு மீனு. சந்தையில வாங்கியிருந்தா அரைமணி நேரம்" என்பார்.

டிசம்பரில் உடம்பு தேறிவிட்டது என்று நினைத்துப் போனேன். காலடியில் மிதந்த கயிறு கணுக்காலைச் சுற்றியது. குனிந்து பார்த்தேன். தண்ணீர் ஓடியது. நான்தான் ஓடுகிறேன் என்று தலை சொன்னது. விழுந்துவிட்டேன். முழங்கால் ஆழம்தான். எழுந்திருக்க எது மேல், எது கீழ் என்று தெரிய வேண்டும். அது தெரியவில்லை. பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தூக்கினார்கள். இவர் கரையிலேயே நின்றார். செய்தித்தாள் கையிலேயே இருந்தது. வீடு வந்து சேரும்வரை அதை மடிக்கவில்லை.

அதன் பிறகுதான் இடமாறுதல் பேச்சு.

விழுந்ததை இரண்டு மாதமாகத் திருப்பித் திருப்பி யோசித்ததில் இன்று ஒன்று விளங்கியது. தண்ணீரில் நின்றதால் விழவில்லை, குனிந்து பார்த்ததால் விழுந்தேன். கயிறு காலடிக்கே போகாவிட்டால் குனிய வேண்டியதில்லை. எங்கோ கடலில் ஒருவர் இடுப்பில் பாத்திரம் கழுவும் டப்பைக் கட்டிக்கொண்டு, இழுத்த கயிற்றை அதற்குள் விழவைத்து மீன் பிடிப்பதை முன்பு யூடியூபில் பார்த்திருக்கிறேன். அன்று சிரித்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மார்க்கெட்டில் நீளவாக்கில் ஒரு நீல டப் வாங்கினேன். அதைக் கடையிலேயே இடுப்பில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி, "தலைக்கு வெச்சுப் பாருங்க, மழைக்கு ஆகும்" என்றாள்.

வெறும் டப்பில் கயிறு விழுந்தால் ஒரே சிக்கல்தான். அடியில் முளைகள் நின்றால் வளையங்கள் அவற்றைச் சுற்றி உட்காரும். பல வழி யோசித்து, ஜரீனாவின் தையல் கடையில் போய் நின்றேன். ஓவர்லாக் மெஷினில் நூல் தீர்ந்த பிளாஸ்டிக் கூம்புகள் அவளிடம் மூட்டையாக இருந்தன.

"எத்தனை வேணும் மேடம்?"

"ஒன்பது."

"ராக்கெட் விடப்போறீங்களா? காலேஜ்ல எக்ஸிபிஷனா?"

"மீன் பிடிக்க."

ஜரீனா ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சார்கிட்ட சொல்லிட்டீங்கதானே?" என்றாள்.

சொல்லவில்லை. பதினைந்து கூம்புகள் கொடுத்தாள்.

பிப்ரவரி 19, புதன்

கூம்புகளை நான்கு விரல் உயரத்துக்கு நறுக்கிப் பசை போட்டு ஒட்டினேன். இந்தக் குளிரில் பசை இறுகவில்லை. காலையில் பார்த்தால் ஒன்பதும் டப்புக்குள் சாய்ந்து கிடக்கின்றன.

கண் மூடி ஆறு.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று அகப்பட்டேன்.

டப்பை இடுப்பில் கட்ட அகலமான பெல்ட் வேண்டும். வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைப்பயிற்சி பெல்ட். அதை என் இடுப்பில் மாட்டி, முதுகுப் பக்கம் உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தினமும் மாலை இவர் என்னைத் தோட்டத்தில் நடத்திக் கூட்டிப்போவார். கன்றுக்குட்டி ஓட்டுவது போல என்று நான் சொல்வேன், இவர் சிரிக்கமாட்டார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் உட்கார்ந்து, டப்பின் பின்சுவரில் இரண்டு கீறல் போட்டு அந்த பெல்ட்டை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"பெல்ட்டைத் தேடிட்டிருக்கறேன். என்ன இது?"

சொன்னேன். டிசம்பர், கயிறு, குனிந்தது, எல்லாம் சொன்னேன். கல்லூரியில் பாடம் நடத்துவது போல வரிசையாகச் சொன்னேன். அவர் டப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மறுபடி எறங்கறதுன்னு முடிவு பண்ணிட்டே."

"ஒரு தடவை பாக்கணுங்க. நிக்க முடியலேன்னா கையெழுத்துப் போட்டுடறேன்."

"பெல்ட்டை இதுல மாட்டிட்டா அப்பறம் நான் எதைப் புடிக்கறது?"

அந்தக் கேள்வி நடைப்பயிற்சியைப் பற்றியதாக மட்டும் இல்லை. ஆனால் நான் அதற்குத்தான் பதில் சொன்னேன். "கைப்பிடி பின்னாடி அப்படியேதான் இருக்குதுங்க."

 ஒரு கூம்பை எடுத்து ஆட்டிப் பார்த்தார். "பசையில நிக்காது. கார்க்கு வெச்சு அடியிலிருந்து ஸ்குரு போடோணும்" என்றவர் ட்ரில்லிங் மெஷினை எடுக்கப் போய்விட்டார். பிளாஸ்டிக்கில் அவர் போட்ட ஒன்பது ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. எனக்கு அப்படி வராது.

மார்ச் 2, ஞாயிறு

தண்ணீர் தெறித்து டப்பில் தேங்குமே, அதை எப்படி வெளியேற்றுவது என்று பேச்சு வந்தது. அரிசி களையும் கூடை மாதிரி அடியில் துளை போட்டால் வடிந்துவிடும் என்றேன். கம்பியைக் காய்ச்சி இவர் இருபத்துநான்கு துளை போட்டார். குளியலறையில் டப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன், இவர் மொண்டு மொண்டு ஊற்றினார். ஊற்ற ஊற்ற ஒரு சொட்டு நிற்கவில்லை.

"வாரியத்துல இப்படி ஒரு வடிகால் போட்டதில்ல" என்றார்.

புடவை முழுக்க நனைந்து குளியலறையில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். இவர் சிரித்து நாளாயிற்று.

மாலை, அண்ணி போன் செய்தார். இவருடைய அக்கா. வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம். "நாலாவது மாடி மதி. ஹால் பெருசு. எதையும் புடிக்காம நடக்கலாம்." நல்ல மனுஷி. வலது காதில் வைத்துக் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 8, சனி

கல்மந்து. இரண்டு பேரும் போனோம்.

கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. ஓடைச் சத்தத்தில் வலது காதும் பயன்படாது. அதனால் ஒரு ஏற்பாடு. ஐந்து வீச்சுக்கு ஒருமுறை நான் கையைத் தூக்க வேண்டும், கரையிலிருந்து இவரும் கையைத் தூக்குவார். தூக்காவிட்டால் இறங்கிவிடுவேன் என்றார். யார், நீங்களா என்று கேட்க வந்தேன், முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

தொடை வரை வரும் ரப்பர் பூட்ஸோடு இறங்கினேன். எதிர்க்கரையில் ஒரு பெரிய கற்பூர மரம், யூகலிப்டஸ், நிற்கிறது. பார்வையை அதன் பட்டை உரிந்த இடத்தில் வைத்துக்கொண்டேன். முழங்கால் ஆழத்தில் டப் மிக அருமையாக வேலை செய்தது. இழுக்க இழுக்கக் கயிறு கூம்புகளைச் சுற்றி உட்கார்ந்தது. பதினைந்து வீச்சு, மூன்று கைதூக்கல். எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிட்டது. இன்னும் இரண்டடி உள்ளே போனேன், தொடை ஆழம்.

அங்கே தண்ணீர் அடியிலிருந்து டப்புக்குள் ஏறிவிட்டது. இருபத்துநான்கு துளை வழியாகவும். குளியலறையில் மேலிருந்துதான் ஊற்றிப் பார்த்தோம். ஓடை கீழே இருக்கும் என்பது விலங்கியல் முதுகலைக்கும் தோன்றவில்லை, மின்பொறியாளருக்கும் தோன்றவில்லை. கயிறு முழுக்க மிதந்து வெளியே வந்து காலைச் சுற்றியது.

குனியவில்லை. அதை எழுதி வைக்க வேண்டும், குனியவில்லை. மரத்தின் உரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கையைத் தூக்கவும் முடியவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு முதுகுப் பக்கம் பெல்ட் இறுகியது. கைப்பிடியை இவர் பிடித்திருந்தார். பேண்ட்டோடு, ஷூவோடு.

வலது காதருகே குனிந்து சொன்னார்: "இவ்வளவு சில்லுன்னு இருக்கும்னு நீ சொல்லவே இல்ல."

ஒரு கையால் என்னைப் பிடித்து, மறு கையால் காலில் சுற்றியதை எடுத்தார். மெதுவாகப் பின்னோக்கியே நடந்து கரைக்கு வந்தோம். காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வந்தோம். பிரேக் போடும்போதெல்லாம் இவருடைய ஷூவிலிருந்து தண்ணீர் பிதுங்கியது. 

மார்ச் 9, ஞாயிறு

ஓய்வு. கொஞ்சம் அசதி, வேறொன்றும் இல்லை. பயிற்சி செய்யவில்லை. உப்பு எடுக்கப் போனபோது படிவத்தை எடுத்து ஒருமுறை முழுக்கப் படித்தேன். பேனா பக்கத்திலேயே இருந்தது.

மார்ச் 10, திங்கள்

கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் டப் கொட்டகையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. இருபத்துநான்கு துளையையும் எம்சீல் வைத்து அடைத்து, விரலால் வழித்துச் சமன் செய்திருக்கிறார்.  தேங்கும் தண்ணீரைச் சாய்த்து ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். அடுப்பில் ரசம் இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

விறகு இரண்டு சுமை வந்து இறங்கியது. கணப்புக்கு. இவரே கொட்டகையில் அடுக்கித் தார்பாய் போட்டார். இப்போது போட்டால்தான் மழைக்கு முன்னால் காயுமாம். இடுப்பு வலி என்றார், தைலம் தேய்த்துவிட்டேன்.

கண் மூடி ஒன்பது.

மார்ச் 18, செவ்வாய்

கரும்பலகையில் தும்பியின் இறக்கை வரைந்தேன். திரும்பி நின்று. கடைசி வரிசைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு நாளாக அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

மார்ச் 22, சனி

மழைத்தூறல், போகவில்லை. டப்பை விலா வரை ஏற்றிக் கட்டிப் பார்த்தேன். இவர் தோட்டத்தில் எதிரே நின்றுகொண்டு, நான் இழுக்க இழுக்கக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து மீன் மாதிரி ஆட்டினார். பக்கத்து குவார்ட்டர்ஸ் ஏ.இ. மனைவி மாடியிலிருந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இன்னும் ஒம்பது நாளுதான் இருக்குது" என்றார் மீன்.

"தெரியுங்க."

மார்ச் 29, சனி

நிதானமாக எழுத வேண்டும்.

எட்டு மணிக்குக் கல்மந்து. வெயில் அடித்தது, காற்று இல்லை. இவர் மாற்றுப் பேண்ட் ஒன்றும் பழைய செருப்பும் பையில் கொண்டுவந்திருந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். செய்தித்தாளும் இருந்தது. பாறைமேல் உட்கார்ந்தார். பிரிக்கவில்லை.

நான் இறங்கினேன். கற்பூர மரம். முழங்கால் ஆழம், ஐந்து வீச்சு, கை தூக்கினேன், தூக்கினார். இன்னும் ஐந்து. தூக்கினார். தொடை ஆழத்துக்குப் போனேன். டப் மிதப்பது போல லேசாக மேலே தள்ளியது, ஆனால் உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. இழுத்த கயிறு வளையம் வளையமாக வந்து விழுவது பார்க்காமலே தெரிந்தது. டப்பின் அடியில் அது மெல்லத் தட்டுகிறது, அந்தத் தட்டு இடுப்பில் கேட்கிறது. போன காதுக்குப் பதிலாக இடுப்பில் ஒன்று முளைத்த மாதிரி.

வீசினேன். கயிறு சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. பூச்சி எதிர்க்கரை நிழலில் போய் உட்கார்ந்தது. ஒரு சின்ன ட்ரவுட் எடுத்தது, கொக்கியோடு நான்கு துள்ளு துள்ளிவிட்டுக் கழற்றிக்கொண்டு போனது. அதைக் கையில் பிடிக்க நான் குனிந்திருக்க வேண்டும், அதற்கும் குனியவில்லை.

கையைத் தூக்கினேன்.

பதில் இல்லை. அதாவது, ஓரக்கண்ணில் எந்த அசைவும் இல்லை. மறுபடி தூக்கினேன். இல்லை. திரும்பிப் பார்க்க வேண்டும். ஓடுகிற தண்ணீரில் நின்றுகொண்டு தலையைத் திருப்புவதுதான் இந்த ஆறு மாதத்தில் நான் செய்யத் துணியாதது. முதலில் கண், பிறகு தலை, பிறகு தோள். பிசியோதெரபி பெண் சொன்ன வரிசை. மரம் போனது, பாறை போனது, புல் போனது, கரை வந்து நின்றது. நின்றது, சுற்றவில்லை.

இவர் பாறையில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, செய்தித்தாளை மார்பில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

டிசம்பரிலிருந்து இரவில் நான் எப்போது கண் விழித்துப் பார்த்தாலும் இவரும் விழித்திருந்திருக்கிறார். அதை இந்த நோட்டில் எங்கும் எழுதவில்லை என்று இப்போது தெரிகிறது. நான் குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம். மாடிப்படியில் ஏறினால் கீழே நின்று பார்ப்பது. அந்த மனுஷன், நான் தொடை ஆழத்தில் தனியாக நிற்கும்போது தூங்கிவிட்டார்.

எழுப்பவில்லை. மறுபடி மரத்தைப் பார்த்துத் திரும்பி வீசினேன். கை தூக்குவதையும் விட்டுவிட்டேன். நாற்பது வீச்சாவது இருக்கும். ஒரு மீனும் வரவில்லை. எதையும் பிடிக்காமல் கரையேறினேன், மீனையும்தான்.

என் நிழல் விழுந்ததும் துள்ளி எழுந்தார்.

"என்னாச்சு? எத்தனை நேரம் ஆச்சு? நீ கையத் தூக்கினியா?"

"தூக்கினேங்க."

"நான்?"

"நீங்களும் தூக்கினீங்க."

நம்பவில்லை. ஆனால் டப்பில் ஒழுங்காகச் சுருண்டு கிடந்த கயிற்றை எட்டிப் பார்த்தார். "ஒண்ணுகூட சிக்கல" என்றார். வரும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். இரண்டு வர்க்கி பிஸ்கட் கூடுதலாகச் சாப்பிட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் ஒற்றைக் காலில் நிற்க மறந்துவிட்டேன். பால் பொங்கி வரும்போதுதான் நினைவு வந்தது. சமையலறைக்கு எந்தச் சுவரைப் பிடித்து வந்தேன் என்று யோசித்தேன். நினைவில்லை.

நாளை கடைசி நாள். இவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வந்து கொட்டகையைத் திறந்தபோது விறகு அடுக்கு கண்ணில் பட்டது. தார்பாயின் நான்கு முனையிலும் கல் வைத்திருக்கிறார். இங்கே மழை ஜூனில் பிடிக்கும். ஆர்டர் வருவதும் ஜூனில்தான். பதினாறு நாளாக அந்த விறகைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறேன்.

இவர் உள்ளே தூங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை பகல் தூக்கமும் திரும்பிவிட்டது.

உப்பு ஜாடியைத் தூக்கிப் படிவத்தை எடுத்தேன். பின்பக்கம் வெறும் தாள், நல்ல கெட்டித் தாள். அதன்மேல், இன்று வாங்கி வந்த பச்சை டப்பை வைத்தேன். கடைக்காரர் மனைவி, "முதல் டப் உடைஞ்சிருச்சா?" என்று கேட்டதற்கு இல்லை என்று மட்டும் சொன்னேன். பென்சிலால் டப்பின் அடியைச் சுற்றிக் கோடு இழுத்தேன். உள்ளே ஒன்பது வட்டம், கூம்புகள் நிற்க வேண்டிய இடம். என் வட்டங்கள் நேர்கோட்டில் இல்லை. இவர் திருத்திக்கொள்வார். கார்க் கொட்டகையில் இருக்கிறது, ஜரீனா கொடுத்ததில் ஆறு கூம்பு மிச்சம், இன்னும் மூன்று வேண்டும்.

பிறகு வாசலுக்குப் போய், குனிந்து, அவருடைய செருப்பைத் திருப்பி, ரப்பர் பூட்ஸுக்கு அளவு பார்த்தேன். ஒன்பது.